சர்வீஸ் பட்டியலில் எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஆறு வயது, 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கோளாறு எதுவும் இல்லை. வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இன்ஜின் ஃபிளஷும் இன்ஜெக்டர் கிளீனிங்கும் செய்ய வேண்டும் என்கிறார்கள். எல்லாம் தேவையா?

பதில்: எல்லாம் தேவையில்லை. ஆனால் செலவைக் குறைக்கிறேன் என்று தவறான பொருளைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. அந்தப் பொருள் டைமிங் பெல்ட்: வால்வுகளின் அசைவைப் பிஸ்டன்களின் அசைவோடு பொருத்தி வைக்கும் ரப்பர் பட்டை.

உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று ஓனர்ஸ் மேனுவலில் முதலில் பாருங்கள். பெல்ட் என்றால் மேனுவலில் கி.மீ. கணக்கும் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கும் இருக்கும். எது முந்துகிறதோ அதுவே கெடு. வண்டி நின்றபடியே இருந்தாலும் ரப்பர் முதிரும். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்பதை இந்த ஒரு பொருளில் நம்பவே நம்பாதீர்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பல இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வுகள் மீது பிஸ்டன் மோதி வால்வுகள் வளையும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் பாதையில் தாங்கிச் சுழலும் ஐட்லர் புல்லி இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் போய்விடும். வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது என்றால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பின்னால் அது ஒழுகினால் இதே கூலியை மறுபடி கொடுத்து இதே பாகங்களைக் கழற்ற வேண்டிவரும். பம்ப் வெளியே ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது, அடியில் கூலன்ட் காய்ந்த கறை இல்லை, புல்லியை அசைத்தால் ஆட்டமும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பூட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி டைமிங் குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

செயின் என்றால் பொதுவாக இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கணக்கு கிடையாது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் சலசலவென்று சத்தம் வந்தால்தான் திறந்து பார்க்க வேண்டும். பல இன்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயிலைத் தாமதமாக மாற்றும் வண்டிகளில் செயின் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் அழுக்கு ஆயில்.

ஆகவே ஆயிலும் ஆயில் ஃபில்டரும் கட்டாயம், இரண்டும் ஒன்றாகவே. டிரெயின் போல்ட் வாஷரும் புதிதாக இருக்கட்டும். சிறு பொருள்தான், ஆனால் ஒழுக்கு அங்கேதான் தொடங்கும். ஆயிலைக் காலத்தில் மாற்றிவந்த இன்ஜினுக்கு ஃபிளஷ் (ரசாயனம் ஊற்றி உள்ளே கழுவுவது) வேண்டாம். நெடுநாள் கவனிக்காமல் விட்ட இன்ஜினிலோ அது ஆபத்து: கெட்டியான கசடு பெயர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும்.

ஸ்பார்க் பிளக் எந்த வகை என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை, உங்களுடையதை மாற்றும் வேளை தாண்டிவிட்டது. இரிடியம் என்றால் பல இன்ஜின்களில் ஒரு லட்சம் கி.மீ. வரை வரும், இப்போது கழற்றிப் பார்த்தால் போதும். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆயில் ஈரம் தெரிந்தால் வால்வு சீல், பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் நனையும். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் மிதமிஞ்சிய சூடு. மாற்றுவதானால் எல்லாவற்றையும் சேர்த்து, இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையால் திருகி, பிறகு குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அது பெரிய வேலை.

ஏர் ஃபில்டரை விளக்குக்கு நேரே பிடியுங்கள். மடிப்புகளுக்குள் வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடித்தால் காகிதம் கிழிந்து தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். ஃபேன் பெல்ட்டில் விரிசலை மட்டும் தேடாதீர்கள். இப்போதைய பெல்ட்கள் விரிசல் விடாமலே தேய்கின்றன. பள்ளங்கள் அகன்று ஆழமாகியிருந்தால் ஆயுள் முடிந்தது. கிறீச்சிட்டால் டென்ஷனரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலன்ட்டை ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால் இந்த சர்வீஸிலேயே மாற்றுங்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் துருவைத் தடுக்கும் சேர்மங்கள் அதில் தீர்ந்துபோயிருக்கலாம். மேனுவல் குறிப்பிடும் வகையையே ஊற்ற வேண்டும். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று வேறு வகையைக் கலக்கக் கூடாது. தண்ணீர் கலக்க வேண்டிய வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

இன்ஜெக்டர் கிளீனிங் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனைகளைச் சுத்தம் செய்வது) இப்போதைக்கு வேண்டாம். ஐட்லிங்கில் நடுக்கம், இழுவையில் தளர்ச்சி, மைலேஜில் சரிவு என்று ஏதாவது தெரிந்தால் முதலில் ஸ்கேனரில் கோளாறு குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இதே அறிகுறிகளை ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கெட்டாலோ, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி அழுக்கடைந்தாலோகூடக் காணலாம்.