கொழும்பில் நாலு நாள்: காசு எங்கே கரைகிறது?

கேள்வி: நான், கணவர், பத்து வயது மகன், 68 வயது மாமியார் ஆகிய நால்வரும் ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொழும்பு வருகிறோம். நாலு நாள் தங்குவோம். ஹோட்டலும் வண்டி வாடகையுமே பணத்தை விழுங்கிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: முதலில் தங்குமிடத்தைச் சரியாகப் பிடியுங்கள். இணையத்தில் ‘கொழும்பு’ என்று தேடினால் கட்டுநாயக்க, நீர்கொழும்புப் பக்கத்து அறைகளும் மலிவாக வந்து நிற்கும். என் மச்சான் ஒருவர் அப்படித்தான் விமான நிலையத்துக்குக் கிட்ட அறை எடுத்தார். அங்கிருந்து நகரம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். அறையில் மிச்சம் பிடித்த காசை மூன்றே நாளில் வாகனத்துக்குக் கொடுத்து முடித்தார்.

உங்களுக்குத் தோதான இடம் வெள்ளவத்தை. காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நாள் வாடகைக்கு அறைகளும், சமையலறையோடு ஃபிளாட்டுகளும் கிடைக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்காக இலங்கையின் வடக்கிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களுக்குப் பழகிய இடம் என்பதால் தமிழிலேயே பேசி வாடகை குறைக்கலாம். ஏசிக்குத் தனிக்காசா, லிஃப்ட் ஓடுகிறதா என்ற இரண்டையும் முற்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். மாமியாரை நாலு மாடி ஏற வைத்துவிட்டு வாடகை குறைவு என்று சந்தோஷப்பட முடியாது.

வெள்ளவத்தையைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ரயில். கரையோரப் பாதையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை என்று அலை தெறிக்கும் தூரத்தில் போகும். கோட்டைக்குப் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு தேநீர்க் காசுக்கு மேல் வராது. இறங்கும் நிலையத்தில் டிக்கெட்டைக் கேட்பார்கள், பையன் கையில் கொடுத்துத் தொலைத்துவிடாதீர்கள். காலை ஏழரை முதல் ஒன்பது வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் அலுவலகக் கூட்டம் கதவில் தொங்கும், அந்த நேரம் வேண்டாம். ரயில் இல்லாத நேரத்துக்குக் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் இருக்கின்றன. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து 187 இலக்க பஸ் கோட்டைக்கு வரும். தனியாள் என்றால் அதில் வரச் சொல்லியிருப்பேன். நாலு பேர், பெட்டிகள், கோட்டையில் இறங்கி மறுபடி வெள்ளவத்தைக்கு ஓட்டோ என்று கணக்குப் பார்த்தால் பிக்மீ அல்லது ஊபரில் ஒரு கார் பிடிப்பதே மேல். ஓட்டோவுக்கும் அதே செயலிதான். தெருவில் மறித்தால் மீட்டர் போடச் சொல்லுங்கள். கடலோரத் திடலான காலிமுகத்திடலில் யாராவது சிரித்தபடி வந்து, “இன்றைக்குக் கங்காராமய விகாரையில் யானை ஊர்வலம்” என்று ஓட்டோ காட்டினால் நடையைக் கட்டுங்கள். வருசக்கணக்காகச் சொல்லும் அதே கதை.

சாப்பாட்டில் காசு போவது ருசிக்கு அல்ல, வரிக்கு. பெரிய உணவகங்களில் பட்டியல் விலையோடு 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் (VAT) வரியும் ஏறும். 1,000 ரூபாய் என்று போட்டிருக்கும் சாப்பாடு பில்லில் 1,300ஐ நெருங்கும். மதியத்துக்குச் சோற்றுப் பார்சல் வாங்குங்கள், ஒன்றைப் பையனும் மாமியாரும் பங்கிடலாம். இரவுக்கு வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் இடியப்பமும் சொதியும். தேநீர்க் கடையில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை கொண்டுவந்து வைப்பார்கள். பதறவேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இதைத் தெரியாமல் முழுத்தட்டையும் முடிக்கப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

பார்ப்பதற்குப் பெரும்பாலும் காசே வேண்டாம். கோட்டை நிலையத்திலிருந்து புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குள் நடந்தால் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள். அங்கிருந்து ஓட்டோவில் கொச்சிக்கடை போனால் அந்தோனியார் கோயிலும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் உண்டு. மாமியாரை அங்கே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். விகாரமகாதேவி பூங்காவும் சுதந்திர சதுக்கமும் இலவசம். 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை கூடுதல், ஆனாலும் போகலாம். தாமரைக் கோபுரத்தில் வெளிநாட்டவருக்கு டாலர் கணக்கு. 350 மீற்றர் உயரம், கீழே நின்றாலே நன்றாகத் தெரிகிறது. பையன் அடம் பிடித்தால் அது உங்கள் பாடு.

2024 பெப்ரவரியிலிருந்து இந்திய யுபிஐ இங்கே லங்கா கியூஆர் உள்ள கடைகளில் வேலை செய்கிறது. ஆனால் பஸ்ஸுக்கும் பார்சல் கடைக்கும் ரொக்கம்தான், அதை அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலேயே மாற்றுங்கள்.

மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை தின்னாமல் போகாதீர்கள். வாங்குமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.