பள்ளி திறக்கும் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர

வணக்கம் டீச்சர். கொரோனாவால் மூடியிருந்த பள்ளிக்கு, 2021 நவம்பர் 1 முதல் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் போடும் அறிவிப்பைப் பாதிப் பெற்றோர் பார்ப்பதே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

நம் காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். குழுவில் இருப்பது அவர் எண். பிள்ளைக்குத் தலைசீவி அனுப்புவது அப்பத்தா; அவர் கையில் பட்டன் போன். அதனால் முதலில் எண்களைச் சரிபாருங்கள். காலையில் பிள்ளையை அனுப்புபவர் யார், அவருக்குப் படிக்க வருமா? வராது என்றால் நீங்களே போன் போட்டுப் பேசுவதுதான் வழி.

சுற்றறிக்கையை அப்படியே அனுப்பாதீர்கள். "திங்கள் காலை ஆறாம் வகுப்பு வரவும். முகக்கவசம், தண்ணீர் பாட்டில் வேண்டும். காய்ச்சல், இருமல் இருந்தால் அனுப்ப வேண்டாம், லீவுக்குத் திட்ட மாட்டோம்." இவ்வளவு போதும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வருகைப்பதிவுக்குப் பயந்துதான் பலர் காய்ச்சலை மறைத்து அனுப்புகிறார்கள்.

அப்புறம், நவம்பர் 4ஆம் தேதி தீபாவளி, கூடவே மழைக்காலம். எந்தெந்த நாள் லீவு என்று இப்போதே சொல்லி, ரேஷன் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.