விண்டோஸ் அப்டேட்டைப் போடாமல் தள்ளிக்கொண்டே போனால் உண்மையில் ஏதாவது ஆகுமா?

ஆகும். உங்களுடையது பழைய கம்ப்யூட்டராக இருக்கும், அப்டேட் வந்தால் அரை மணி நேரம் வேலை கெடும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2017-ல் நாங்களும் அந்த நிலையில்தான் இருந்தோம்.

ஈரோட்டில் ஒரு சிறிய ஆடிட்டர் ஆபீஸ். ஆறு கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 7. ரிட்டர்ன் போடும் நேரத்தில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று எல்லோரும் சத்தம் போட்டதால், தானாக வரும் அப்டேட்டை நான்தான் நிறுத்தி வைத்தேன்.

மே 15, திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் இரண்டு மெஷினில் சிவப்புக் கட்டம். 300 டாலரை பிட்காயினாகக் கட்டு, மூன்று நாள் தாண்டினால் இரண்டு மடங்கு என்று மிரட்டல். எக்செல், வேர்டு, ஸ்கேன் செய்து வைத்த பில்கள், எதுவும் திறக்கவில்லை. மே 31-க்குள் டிடிஎஸ் ரிட்டர்ன் போக வேண்டும். கிளையன்ட்டுகளிடம் பேப்பரைத் திரும்ப வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து மறுபடி அடித்தோம்.

அதுதான் வான்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மே 12-ல்தான் அது பரவ ஆரம்பித்தது; அன்றைக்கு இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. 59 நாள் எங்களுக்கு நேரம் இருந்தது.

அப்டேட் போட்டதால் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று சிலர் இங்கே சண்டைக்கு வருவார்கள். உண்மைதான், எங்களுக்கும் நடந்திருக்கிறது. பிரிண்டரை ஒரு மணி நேரத்தில் சரிசெய்தோம். போன ஃபைல்கள் போனதுதான். சனிக்கிழமை சாயங்காலம் முக்கியமானதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு அப்டேட் போடுங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் உடனே செய்யுங்கள், பல அப்டேட்டுகள் அதற்குப் பிறகுதான் முழுதாக உட்காரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்கிறேன். அன்றைக்கு ஆடிட்டர் சார் முதலில் கேட்டது, "யாரு கண்ட மெயிலையும் திறந்தது?" என்றுதான். எல்லோரும் டேட்டா என்ட்ரி செய்த பெண்ணைப் பார்த்தார்கள். அவள் மெஷினில்தான் முதலில் தெரிந்தது. ஆனால் இந்த வைரஸ் பரவ யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஃபைல்களைப் பகிர விண்டோஸில் இருக்கும் எஸ்எம்பி என்ற வசதியின் ஓட்டை வழியாக ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு அதுவே தாவும். அந்த வாரமே படித்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்காகப் பேசவில்லை.

அப்டேட்டை நிறுத்தியது நான்தான் என்று சாரிடம் ஜூலையில் சொன்னேன். அவள் ஜூன் மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள்.