கழல மறுக்கும் டிரம்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். என் சிறிய காருக்கு ஒன்பது வயது. இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் பின்சக்கரம் ‘டக்’கென்று விடுபடுகிறது, ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிப்பதில்லை. பின் பிரேக் ஷூக்களை நானே மாற்றலாமா? டிரம்மைச் சுத்தியலால் தட்டியும் அசையவில்லை.

பதில்: மாற்றலாம், ஆனால் சுத்தியலை முதலில் கீழே வையுங்கள். டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை, வார்ப்பிரும்பு என்பதால் ஓங்கி அடித்தால் விளிம்பு உடையும். உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருக்கும்போது, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் உரசு பட்டையான லைனிங்கும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்வதே அந்த ‘டக்’ ஓசைக்குப் பெரும்பாலும் காரணம்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் நிறுத்தி, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, வண்டியை ஸ்டாண்டின் (இரும்புத் தாங்கியின்) மேல் இறக்கிய பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது. பல டிரம்களின் முகப்பில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் போல்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால், துருப்பிடித்த டிரம் தானே முன்னே நகரும். பாதி வந்து நின்றுவிட்டால், தேய்மானத்தால் உள்விளிம்பில் உருவான வரம்பு ஷூவைப் பிடித்துள்ளது என்று பொருள். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்திய பிறகே இழுக்க வேண்டும். சில கார்களில் பேரிங்கும் டிரம்மும் ஒன்றாகவே இருக்கும். அவற்றில் நடு நட்டைக் கழற்றினால், மீண்டும் மாட்டும்போது புது நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். அக்கருவி இல்லையெனில் பட்டறைக்கே போங்கள்.

உள்ளிருக்கும் தூளை ஊதவோ, காற்றடித்து விரட்டவோ வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைப் பிரியுங்கள், ஸ்பிரிங்குகள் எங்கே மாட்டியிருந்தன என்பதற்கு மறுபக்கமே சாட்சி. அட்ஜஸ்டர்களின் மரை பல கார்களில் இடமும் வலமும் எதிரெதிராக இருப்பதால், இடம் மாறினால் வேலை கெடும். ஷூக்களை இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே பிரேக் ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டரையும் மாற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அனுபவம் இல்லாதவர் அதைத் தனியாகச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டும் வழக்கமும் நம்மூரில் உண்டு. அது மீண்டும் வழுக்கும், ஒரு பக்கமாக இழுக்கும். டிரம்மில் பொறித்துள்ள அதிகபட்ச உள்விட்டத்தை மீறித் தேய்ந்திருந்தால் டிரம்மையும் மாற்றுங்கள்.

ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றதும் கேபிளை முறுக்கிவிடுவது பலர் செய்யும் பிழை. தேய்ந்த லைனிங்கையும் துருப்பிடித்த அட்ஜஸ்டரையும் அது மறைத்துவிடும். புது ஷூ மாட்டி, சக்கரம் லேசான உரசலோடு சுழலும் அளவுக்கு அட்ஜஸ்டரைச் சரிசெய்த பிறகே கேபிளைத் தொடுங்கள். வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், மெதுவாக இருக்கட்டும். இனி வீட்டில் சமதளத்தில் பல நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.