விளையாட்டு மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லிவர்பூல் ஆட்டங்களில் ‘சன் பத்திரிகையை வாங்காதீர்கள்’ என்று ரசிகர்கள் பதாகை பிடிக்கிறார்களே, ஏன்?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: காரணம், அந்த இங்கிலாந்து நாளிதழின் அன்றைய ஆசிரியர் கெல்வின் மெக்கன்ஸி வைத்த ஒரு தலைப்பு.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளின் கோப்பைப் போட்டி) அரையிறுதி. வாசலில் நெரிசல் முற்றியதும் போலீஸே ஒரு கேட்டைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பிவேலி அடைப்புகளுக்குள் கூட்டம் போய் நசுங்கியது. இறந்தவர்கள் 97 பேர். கடைசி மரணம் 2021-இல். கேட்டை ரசிகர்கள்தான் உடைத்தார்கள் என்று பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு பொய் சொன்னார்.

நான்காம் நாள் ‘சன்’ முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘உண்மை’ என்று தலைப்பு. கீழே மூன்று வரி: ரசிகர்கள் சிலர் செத்தவர்களின் பாக்கெட்டைத் துழாவினார்கள், போலீஸார் மேல் சிறுநீர் கழித்தார்கள், உயிர்காக்கப் போராடிய காவலரை அடித்தார்கள். மூன்றுமே பொய். செய்தியை எழுதிய ஹாரி அர்னால்ட், தான் அவற்றைக் குற்றச்சாட்டுகளாகத்தான் எழுதிக் கொடுத்ததாகவும், தலைப்பைக் கண்டு பதறி ஆசிரியரிடமே சொன்னதாகவும் பின்னாளில் தெரிவித்தார். மெக்கன்ஸி கேட்கவில்லை.

நானும் வருஷக்கணக்கில் விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பு போட்டவன். பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் இடம் போதாவிட்டால், ‘யார் சொன்னது’ என்பதைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். வெட்டக்கூடாதது அதுதான். பிள்ளையின் உடலை அடையாளம் காட்டிவிட்டு வீடு திரும்பிய பெற்றோர் அந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கேள்வி: அத்தோடு மெக்கன்ஸியின் பத்திரிகை வாழ்க்கை முடிந்திருக்குமே?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: இல்லையம்மா. 1981-இல் ஏறிய ஆசிரியர் நாற்காலியில் 1994 வரை இருந்தார். பிறகு ஒரு வானொலி நிலையத்தை வாங்கி, 2000-இல் அதை ‘டாக்ஸ்போர்ட்’ என்ற விளையாட்டு வானொலியாக மாற்றினார். வியாபாரத்தில் கெட்டிக்காரர், மறுக்கமாட்டேன். ஆனால் ஹில்ஸ்பரோவுக்கு அவர் மனமிறங்கி மன்னிப்புக் கேட்டது 2012-இல், அந்த விபத்தை ஆராய்ந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை வெளியான பிறகு. 23 வருஷம்!

2017-இல் ‘சன்’ பத்தியில் லிவர்பூல் நகரின் இன்னொரு கிளப்பான எவர்டனின் வீரர் ராஸ் பார்க்லியை கொரில்லாவோடு ஒப்பிட்டார். பார்க்லியின் தாத்தா நைஜீரியாக்காரர். அது தனக்குத் தெரியாது என்றார் மெக்கன்ஸி. பத்திரிகை அவரை இடைநீக்கம் செய்தது. அடுத்த மாதமே வெளியேறினார். ஜென்மப் பகையாளிகளான லிவர்பூலும் எவர்டனும் அந்த வருஷம் ‘சன்’ நிருபர்களை மைதானத்துக்குள் விடுவதில்லை என்று ஒன்றுபோல முடிவெடுத்தன.