ஃபிலிம்ல வலது, ரிப்போர்ட்ல இடது: மாத்திப் போட்டுட்டாங்களா டாக்டர்?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்க ஏற்காடு நாகலூர் பக்கம், காபி தோட்டத்துல வேலை. என் பையனுக்கு 11 வயசு. 9 மாச குழந்தையா இருக்கறப்ப கடுமையா காய்ச்சல் வந்து ராத்திரி பூரா ஃபிட்ஸ் நிக்கவே இல்ல, அதுலருந்து வலது கை, வலது கால் வீக். இப்பவும் மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ ஃபிட்ஸ் வருது. போன மாசம் சேலத்துல சிடி ஸ்கேன் எடுத்தோம். இடது பக்க மூளை சுருங்கிடுச்சு, அந்தப் பக்கம் மண்டை எலும்பும் தடிச்சிருக்குன்னு எழுதியிருக்கு. ஆனா ஃபிலிமை ஜன்னல்ல வச்சு பாத்தா வலது பக்கம்தான் சின்னதா தெரியுது. மாத்தி எழுதிட்டாங்களா? இது அடுத்த பக்கத்துக்கும் பரவுமா? இடது கையில சாப்பிடுறான்னு எங்க மாமியார் வேற தினமும் அடிக்கிறாங்க.

பதில்: முதல்ல கடைசி வரிக்கு பதில் சொல்லிடுறேன்ம்மா, அது மனச அறுக்குது. அந்தப் பையன் பழக்கத்துக்காக இடது கையில சாப்பிடல, வலது கையில சோத்த உருட்டிப் பிடிக்க அவனால முடியல. பாட்டிய பக்கத்துல உக்கார வச்சு, அவனோட ரெண்டு கட்டைவிரலையும் நகம் மேல தெரியற மாதிரி ஒட்டி வைக்கச் சொல்லுங்க. வலது நகம் சின்னதா இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன வயசுலயே மூளையில அடிபட்டா அது சொல்றபடி வளர வேண்டிய கையும் கொஞ்சம் குட்டையாவே நின்னுடும், அத கண்ணால பாத்துட்டா பாட்டி அப்புறம் கை ஓங்க மாட்டாங்க.

ஃபிலிம் விஷயத்துக்கு வர்றேன். யாரும் மாத்தி எழுதல. சிடி, எம்ஆர்ஐ ரெண்டுலயும் படுத்திருக்கிறவரோட கால்மாட்டுல நின்னு மேல பாக்கற மாதிரிதான் படம் வரும், அதனால அவரோட இடது நமக்கு வலது பக்கமா தெரியும், எதிர்ல நிக்கிற ஆளோட இடது கை நம்ம வலது பக்கம் இருக்கற மாதிரிதான். ஓரத்துல எல், ஆர்னு குட்டியா எழுத்து இருக்கும், தேடிப் பாருங்க. வலது கை கால இடது மூளைதான் நடத்துது, அதனால ரிப்போர்ட்டும் பையனோட உடம்பும் ஒண்ணாத்தான் பேசுது.

எலும்பு ஏன் தடிச்சுதுன்னா, குழந்தையோட மண்டை ஓட்ட வெளிய தள்ளி வளர்க்கறதே மூளைதான். முதல் மூணு வயசுக்குள்ள மூளை ரொம்ப வேகமா வளருது, அந்த நேரத்துல ஒரு பக்கம் வளர்ச்சி நின்னுட்டா அந்த காலி இடத்த எலும்பு உள்பக்கமா தடிச்சு நிரப்பப் பாக்கும், நெத்தி எலும்புக்குள்ள இருக்கற காத்து அறையும் பெருசாகும். 1933ல டைக், டேவிடாஃப், மாசன்னு மூணு டாக்டருங்க 9 பேரோட எக்ஸ்ரே படங்கள வச்சு இதப் பத்தி எழுதினாங்க, அவங்க பேருலயே இப்ப சிண்ட்ரோம்னு சொல்றோம். சிடியெல்லாம் இல்லாத காலம், முதுகுத்தண்டு வழியா நீர எடுத்து காத்த ஏத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க, அந்த வேதனைய அன்னிக்கு நோயாளிங்க பட்டிருக்காங்க.

பரவுமா? நீங்க சொல்ற கதையும், எலும்பு தடிச்சிருக்கறதும் பாத்தா இது 10 வருஷத்துக்கு முன்னால பட்ட அடியோட தழும்பு மாதிரி தெரியுது, தழும்பு பக்கத்துக்கு பரவாது. ஆனா ஒண்ண கவனிங்க. ராஸ்முசன் என்செஃபலைடிஸ்னு வேற ஒரு நோய் இருக்கு, அதுல ஒரு பக்க மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டே போகும். கையோ முகமோ மணிக்கணக்கா நிக்காம துடிச்சா, இல்ல மாசத்துக்கு மாசம் பலவீனமும் பேச்சும் மோசமானா உடனே நரம்பு டாக்டர்கிட்ட போகணும். பழைய ஃபிலிம தூக்கிப் போட்டுடாதீங்க, புதுசோட ஒப்பிட அதுதான் வேணும். வருஷா வருஷம் ஸ்கேன் எல்லாம் வேண்டாம், ஒரு தடவ எம்ஆர்ஐயும், மூளையோட மின் அலைய பதிவு பண்ற ஈஈஜியும் எடுத்தா போதுமான்னு டாக்டர கேளுங்க.

இப்ப நம்ம சண்டை போட வேண்டியது ஃபிட்ஸோடதான். மாத்திரை தீந்துடுச்சு, சந்தைக்கு கீழ இறங்கறப்ப வாங்கிக்கலாம்னு நாலு நாள் விட்டா அதுவே ஃபிட்ஸ இழுத்துட்டு வரும். சரியான ரெண்டு மருந்த சரியான அளவுல குடுத்தும் நிக்கலன்னா ஆபரேஷன் பத்தி பேசலாம், அடிபட்ட பாதிய நல்ல பாதியிலருந்து துண்டிச்சு விடறது. கேக்க பயமா இருக்கும், ஆனா ஏற்கனவே ஒரு பக்கம் வீக்கா இருக்கற குழந்தைங்க பல பேருக்கு ஃபிட்ஸ் நின்னு நடந்தே வீட்டுக்குப் போறாங்க, விரல் நுணுக்கமும் ஒரு பக்கப் பார்வையும் குறையும், அதையும் சொல்லித்தான் ஆகணும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியில இத பண்றாங்க.

ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, சாவிக்கொத்து கையில குடுக்கறதால ஒரு பிரயோஜனமும் இல்ல. 5 நிமிஷத்துக்கு மேல போனா ஆபத்து. உங்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம், அதனால ஃபிட்ஸ நிறுத்தறதுக்கு மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்ப்ரே பத்தி அடுத்த தடவ டாக்டர்கிட்ட கேட்டு, பையனோட எடைக்கு எத்தன தடவ அடிக்கணும்னு எழுதி வாங்கி வீட்டுல வச்சுக்கங்க. அப்புறம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல அவன ஏத்தாதீங்க, கிணத்துப் பக்கம் தனியா அனுப்பாதீங்க. யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கு விண்ணப்பம் போட்டுட்டீங்களா? பத்தாவது பரீட்சையில எழுதித் தர ஆள் கேக்கணும்னா அது கையில இருந்தா நல்லது, இப்பவே ஆரம்பிச்சுடுங்க.