ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

முதலில் டோரி பேட்டரிக்குப் போங்கள். துறைமுக வாயிலைப் பார்த்தபடி நிற்கும் பழைய பீரங்கிக் கோட்டை அது. கரையில் நின்றபடியே டால்பின்களைப் பார்க்கலாம். டீ (Dee) ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீன்களைத் தேடி அவை வாயில்வரை வரும். கோடையிலும் காற்று ஊசியாய்க் குத்தும், ஜாக்கெட் கட்டாயம்.

எதிர்க்கரையில் ஃபுட்டி, 19ஆம் நூற்றாண்டு மீனவர் குடியிருப்பு. வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டி, நடுமுற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. புயல்காற்றுக்கு அதுதான் தோது. இன்றும் மக்கள் வாழும் இடம், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

மழை வந்தால் கடல்சார் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையின் பிரம்மாண்ட மாதிரி ஒன்று மாடிகளை ஊடுருவி நிற்கும்.

மாலை மிச்சமிருந்தால் ரயிலேறி ஸ்டோன்ஹேவன் போய், செங்குத்துப் பாறைமேல் நிற்கும் டனாட்டர் கோட்டையைப் பாருங்கள். கடைகளுக்காக இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.